போ ஆற்றில் டிரவுட்: இவ்வளவு அகலமான நீரில் எங்கிருந்து தொடங்குவது?

புதுத்தூண்டில்
ஜூலை 8, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சிற்றோடைகளில் ஃப்ளை தூண்டில், அதாவது போலிப் பூச்சி கட்டி மீன்பிடிப்பது, பழகியவன் நான். எட்டு எட்டில் கடந்துவிடக்கூடிய ஓடைகள் அவை. வேலை மாற்றத்தால் ஆல்பர்ட்டாவின் கால்கரி நகருக்கு வந்துவிட்டேன். இங்கே ஓடும் போ (Bow) ஆறு, குளிர்நீர் மீனான டிரவுட்டுக்கு உலகப் புகழ்பெற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஃபிஷ் கிரீக் பூங்காவின் ஓரம் போய் நின்று பார்த்தேன். மறுகரை எங்கோ இருக்கிறது. நடுவே ஒரே சீரான பச்சை நீர், அசுர வேகம். மீன் எங்கே நிற்கும் என்று ஊகிக்க ஒரு தடயமும் கண்ணில் படவில்லை.

என் கேள்விகள்: படகு இல்லாமல் இந்த ஆற்றில் மீன்பிடிக்க முடியுமா? எவ்வளவு தூரம் லைனை வீச வேண்டும்? என்னிடம் இருப்பது எட்டரை அடி, 4ஆம் எண் ராட் (எண் கூடினால் லைனின் கனமும் கூடும்). அது போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

---

துடுப்பு
ஜூலை 8, இரவு 10.03

படகு இருந்தால் வேறு ஆறு, இல்லாவிட்டால் வேறு ஆறு. நகரத்தின் தெற்கே பாலிஸ்மேன்ஸ் ஃபிளாட்ஸ் துறையில் இறக்கி, மெக்கின்னன் ஃபிளாட்ஸில் ஏற்றுவது இங்கே எல்லோரும் செய்யும் நாள் பயணம். ஒருவர் துடுப்புப் போட, முன்னும் பின்னும் இருவர் கரையை நோக்கி வீசிக்கொண்டே போகலாம். நடந்து எட்ட முடியாத கரைகள் எல்லாம் கைக்கு வரும். முதல் முறை ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு போய்விடுங்கள் தம்பி. செலவு அதிகம்தான். ஆனால் ஒரே நாளில் ஆற்றின் பாதியைக் கண்ணால் பார்த்துவிடுவீர்கள்.

சொந்தப் படகு, ரப்பர் படகு என்று எதில் போனாலும் நகர எல்லைக்குள் உயிர்காப்புச் சட்டையை அணிந்திருக்க வேண்டும். படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். அது நகரச் சட்டம்.

---

கரையோரம்
ஜூலை 9, காலை 6.20

துடுப்பு சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் படகில் போகிறவர்களும் எங்கே வீசுகிறார்கள் என்று கவனியுங்கள். நடு ஆற்றில் மிதந்துகொண்டு கரையை நோக்கி வீசுகிறார்கள். கரையில் நிற்கிற நாமோ நடு ஆற்றை நோக்கி வீசுகிறோம். மீனுக்கு இது எப்படித் தெரியும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தம்பி, நூறு மீட்டர் அகலத்தை மறந்துவிடுங்கள். உங்கள் கரையிலிருந்து ஆறேழு மீட்டர்தான் உங்கள் ஆறு. அதற்கு அப்பால் ஓடுவதை அடுத்தவனுடைய ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. டிரவுட் எதிர்நீச்சலில் வாழும் மீன். வேகநீரில் நின்றால் உண்பதைவிடச் செலவழிக்கும் சக்தி அதிகம். மெதுவான நீரில் நின்று, வேகநீர் கொண்டுவரும் பூச்சிகளை எட்டிப் பிடிக்கக்கூடிய இடம்தான் அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலானவை கரையை ஒட்டியே இருக்கின்றன. கரையின் உராய்வு நீரின் வேகத்தைக் குறைக்கிறது. கற்களும் விழுந்த மரங்களும் அங்கேதான் கிடக்கின்றன. வெட்டுக்கிளியும் எறும்பும் அங்கிருந்துதான் நீரில் விழுகின்றன.

ஆற்றங்கரைக்கு வந்தவுடன் நீரில் கால் வைக்காதீர்கள். இங்கே நான் பார்க்கிற புதியவர்களில் பலரும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிய பிறகுதான் முதல் வீச்சையே வீசுகிறார்கள். அவர்கள் மிதித்துக்கொண்டு போன இடத்தில்தான் மீன் இருந்தது. வெயில் ஏறாத காலை நேரத்தில் கணுக்கால் ஆழ நீரில் முதுகு தெரிய மேய்ந்துகொண்டிருக்கும் பிரவுன் டிரவுட்டைப் போ ஆற்றில் பார்க்கலாம். பெரிய மீன்தான், சின்ன மீன் இல்லை.

பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, வேகநீரும் மெதுநீரும் உரசிக்கொண்டு ஓடும் கோடு. நுரைக் குமிழிகள் வரிசையாகப் போகும் பாதையைப் பின்தொடர்ந்தால் அது தெரியும். இரண்டாவது, கற்கள் மேல் சலசலத்து வரும் ஆழமற்ற நீர் சட்டென்று மடுவில் இறங்கும் விளிம்பு. மேலே வெளிர் நிறம், கீழே கரும்பச்சை, இடையில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டின் கரும்பச்சைப் பக்கத்தில் மீன். மூன்றாவது, திட்டுகள். ஆற்றின் நடுவே ஒரு தீவு இருந்தால் அகலமான கிளையை விட்டுவிட்டுக் குறுகிய கிளைக்குப் போங்கள். அங்கே உங்களுக்குப் பழகிய ஒன்டாரியோ ஓடை கிடைக்கும், மீன் மட்டும் இரண்டு மடங்கு.

ராட் பற்றி: 4ஆம் எண் மாலைநேர டிரை ஃப்ளைக்கு, அதாவது நீரின் மேல் மிதக்கும் போலிப் பூச்சிக்கு, அழகாக இருக்கும். மற்றபடி இங்கே காற்று பொல்லாதது. ஒன்பது அடி, 6ஆம் எண் ராட் என்பது இந்த ஆற்றுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு.

---

அவலாஞ்சி
ஜூலை 9, காலை 11.47

கரையோரம் அண்ணா சொன்ன குறுகிய கிளை விஷயத்துக்கு ஒரு வழிமொழிதல். நான் ஊட்டிக்காரன், இப்போது எட்மண்டன். எங்கள் அவலாஞ்சியில் 1907 முதல் டிரவுட் பொரிப்பகம் இருக்கிறது என்பது இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த ரெயின்போ டிரவுட் நீலகிரி ஓடைகளில் தங்கிவிட்டது. சோலைக்கு நடுவே ஓடும் நீரில், புதர் மறைவில் மண்டியிட்டு வீசித்தான் பழக்கம். கால்கரிக்கு முதன்முதலாக வந்தபோது அந்தப் பழக்கமெல்லாம் இங்கே உதவாது என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். உதவியது. மண்டியிடுவது, நிழலை நீரில் விழாமல் பார்த்துக்கொள்வது, கீழிருந்து மேல்நோக்கி நகர்வது எல்லாமே பெரிய ஆற்றின் ஓரத்திலும் அப்படியே செல்லும். மீன் தலையை மேல்நீர்ப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பதால் பின்னாலிருந்து வருகிறவனை எளிதில் பார்க்காது.

ஒன்று மட்டும் வேறு. ஓடையில் மீன் ஓடினால் எங்கே ஓடும்? அடுத்த மடு வரைக்கும். போ ஆற்று ரெயின்போ நடு ஆற்றுக்குப் பாய்ந்து கீழ்நோக்கி இறங்கினால் ரீலில் லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் பின்னிணைப்பு நூல் வரை போய்விடும். நல்ல ரீல் வாங்குங்கள். ராடைவிட அதற்குச் செலவழிக்கலாம்.

---

புதுத்தூண்டில்
ஜூலை 9, இரவு 8.30

மிக்க நன்றி. இன்று மாலை கார்பர்ன் பூங்காவுக்குப் போனேன். கரையோரம் அண்ணா சொன்ன கோடுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன, மீன் மட்டும் வரவில்லை. எந்த ஃப்ளை போடுவது என்றும் சொல்லுங்களேன். கடையில் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

---

கரையோரம்
ஜூலை 9, இரவு 10.15

கடைக்காரர் வேறு என்ன செய்வார்.

ஜூலையில் பகல் முழுக்க நிம்ஃப். அதாவது ஆற்றடியில் வாழும் பூச்சிப் பருவத்தின் போலி. டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் எடுக்கிறது. இண்டிகேட்டர் மிதவையிலிருந்து ஃப்ளை வரைக்குமான நீளம் நீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஃப்ளை அவ்வப்போது அடிக்கல்லில் தட்ட வேண்டும். தட்டவே இல்லை என்றால் எடை போதாது, ஒவ்வொரு வீச்சிலும் மாட்டிக்கொண்டால் எடை அதிகம். கறுப்பு அல்லது பழுப்பு ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் ஒன்று, அதன் கீழே சிறிய மேஃப்ளை நிம்ஃப் ஒன்று. சிவப்புப் புழு வடிவ ஃப்ளையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சுளிக்கிறவர்களின் பெட்டியிலும் அது இருக்கும்.

மாலையில் வெயில் சாய்ந்ததும் காடிஸ் பூச்சி பறக்கும். அப்போது உங்கள் 4ஆம் எண்ணை எடுங்கள். ஆகஸ்ட் காலைகளில் ட்ரைக்கோ என்னும் பொடிப் பூச்சி, பகலில் வெட்டுக்கிளி. செப்டம்பர், அக்டோபரில் மேகம் கவிந்த நாட்களில் புளூ விங்டு ஆலிவ் என்னும் சிறு மேஃப்ளை. இலையுதிர்காலத்தில் பெரிய பிரவுனுக்குச் சிறுமீன் வடிவ ஃப்ளையான ஸ்ட்ரீமர், கரையை முத்தமிடுகிற மாதிரி வீச வேண்டும்.

ஆனால் ஃப்ளையைவிட முக்கியம் அது மிதந்து வரும் விதம். மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் வேகமான நீர் ஓடினால் அது லைனின் வயிற்றை, அதாவது நடுப்பகுதியை, பிடித்து இழுக்கும், ஃப்ளை நீரைவிட வேகமாகப் போகும். எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது. லைன் நீரில் விழுந்த உடனே அதன் வயிற்றுப் பகுதியை மேல்நீர்ப் பக்கம் தூக்கிப் போடுங்கள். தூரம் கூடக்கூட இதைச் செய்வது கடினம். பத்து மீட்டருக்குள் வீசச் சொல்வது இதற்காகத்தான்.

---

பாரைமீன்
ஜூலை 10, காலை 7.05

இரண்டு நாளாக இந்த இழையையும் இதன் அண்ணன் தம்பி இழைகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவராவது சமையல் பற்றி ஒரு வார்த்தை எழுதுவார் என்று பார்த்தேன். இல்லை.

நான் குருநகரில் வலைகளுக்கு நடுவே வளர்ந்தவன். பிடித்த மீனைக் குழம்பு வைக்காமல், படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடுவதை என் அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பசிக்காகப் பிடிப்பது ஒரு நியாயம். உங்கள் பொழுதுபோக்குக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளைக் குத்தி, அது துடிப்பதை ரசித்துவிட்டு, கருணையோடு விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது என்ன நியாயம்? யாராவது கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

---

துடுப்பு
ஜூலை 10, காலை 7.58

கோபமில்லை ஐயா. ஆனால் இது எங்கள் கருணை இல்லை, சட்டம். நகரிலிருந்து கீழே கார்ஸ்லாண்ட் தடுப்பணை வரைக்கும் டிரவுட் வைத்துக்கொள்ளும் வரம்பு பூஜ்யம். மண்புழு போன்ற இயற்கை இரையும் போடக் கூடாது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் நடுவே ஓடுகிற ஆறு இது. ஆளுக்கு இரண்டு மீன் என்று எடுத்துக்கொண்டு போனால் நான்கைந்து ஆண்டில் பார்க்க ஒன்றும் இருக்காது.

---

பாரைமீன்
ஜூலை 10, காலை 8.11

அப்படியானால் பிடிக்காமலே இருக்கலாமே. பார்க்கத்தான் வேண்டும் என்றால் பாலத்தில் நின்று பார்க்கலாம்.

---

அவலாஞ்சி
ஜூலை 10, பிற்பகல் 1.22

பாரைமீன் ஐயாவின் கேள்வியை எள்ளிவிட்டுப் போக முடியாது. விடுகிற மீன் எல்லாம் பிழைப்பதில்லை. எவ்வளவு நேரம் இழுத்தோம், எவ்வளவு நேரம் காற்றில் வைத்திருந்தோம், நீர் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து ஒரு பங்கு செத்துப்போகும். அதை மறைத்துவிட்டுப் பேசுகிற ஃப்ளை ஆட்கள் மீது எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் ஒன்று சொல்வேன்: இந்த ஆற்றுக்கு ஏதாவது ஆகும்போது முதலில் கத்துகிறவர்கள் இந்த விளையாட்டுக்காரர்கள்தான். பாலத்தில் நின்று பார்க்கிறவர்கள் கத்தி நான் கேட்டதில்லை.

---

பாரைமீன்
ஜூலை 10, மாலை 6.40

இந்தப் பதிலில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு, கத்துவதற்காக ஒருவன் மீனின் வாயைக் கிழிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

---

நீரளவி
ஜூலை 10, இரவு 9.30

ஆறு என்று பேசத் தொடங்கிவிட்டதால் நானும் வருகிறேன். தூண்டில் பிடிக்கத் தெரியாது, நீர்ச் சுத்திகரிப்புத் துறையில் வேலை.

போ ஆறு இயற்கையாக இப்படிப்பட்ட டிரவுட் ஆறு இல்லை. பேன்ஃப் மலையில் பனிப்பாறையிலிருந்து இறங்கும்போது அது குளிர்ந்த, தெளிந்த, ஊட்டச்சத்தில்லாத நீர். அங்கே மீன் சிறுத்துத்தான் இருக்கும். கால்கரியைத் தாண்டிய பிறகுதான் கொழுக்கிறது. நாம் எல்லோரும் ஒவ்வொரு நாளும் கழிவறையில் கொட்டும் தண்ணீர் பானிபுரூக், ஃபிஷ் கிரீக், பைன் கிரீக் ஆலைகளில் சுத்தமாகி ஆற்றில் சேர்கிறது. அதில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசியையும் நீர்ச்செடியையும் வளர்க்கின்றன. அவற்றைப் பூச்சிகள் தின்கின்றன. பூச்சியை மீன் தின்கிறது. ஆலைகளுக்குக் கீழே குளிர்காலத்திலும் ஆறு முழுக்க உறைந்து மூடாமல் இருப்பதில் அந்த வெதுவெதுப்பான நீருக்கும் பங்குண்டு.

முன்பு இந்தச் சத்து அளவுக்கு மீறிப் போயிருந்தது. ஆற்றை அடைத்துக்கொண்டு செடி வளர்ந்தது. 1982-83இல் பாஸ்பரஸை அகற்றத் தொடங்கினார்கள், 1980களின் இறுதியில் நைட்ரஜனையும் குறைத்தார்கள். செடியும் பாசியும் குறைந்தன. நகரம் அன்றைக்கு இருந்ததைவிட இன்று இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, ஆனால் ஆற்றில் விழும் பாஸ்பரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். எங்கள் துறைக்கு இது பெருமை. மீன்காரர்களில் சிலர் மட்டும் எங்களைப் பார்த்து, தண்ணீரை ரொம்பச் சுத்தம் செய்துவிட்டீர்கள், மீன் இளைத்துவிட்டது என்கிறார்கள். இந்தப் புகாரை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

---

பாரைமீன்
ஜூலை 10, இரவு 9.52

நீரளவி அக்கா, நான் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். இந்த மீனைத் தின்னாமல் விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

---

நீரளவி
ஜூலை 10, இரவு 10.05

சுத்திகரித்த நீர் ஐயா! என் வேலைக்கு வேட்டு வைக்காதீர்கள்.

---

துடுப்பு
ஜூலை 11, காலை 6.50

சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெயின்போ குறைந்துகொண்டு வருகிறது. 2003 முதல் 2013 வரையிலான கணக்கெடுப்புகளை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, வளர்ந்த ரெயின்போக்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கலாம் என்றது. அதற்கு மேல் 2013 ஜூன் வெள்ளம். கால்கரியில் வினாடிக்கு 1,700 கன மீட்டருக்கு மேல் ஓடியது. ஆகஸ்டில் சாதாரணமாக 100 கன மீட்டர் ஓடும் ஆறு அது. ஆற்றடியையே புரட்டிப் போட்டுவிட்டது. பழைய படகோட்டிகள் மனப்பாடமாக வைத்திருந்த மடுக்கள் எல்லாம் இடம் மாறின. அப்புறம் 2016 ஆகஸ்டில் பேன்ஃப் பூங்காவின் ஜான்சன் ஏரியில் டிரவுட் குஞ்சுகளைத் தாக்கும் சுழல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, கனடாவிலேயே முதன்முதலாக. பிறகு போ ஆற்றுப் படுகை முழுவதும் தொற்றுப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள்.

படகுகள் அதிகமாகிவிட்டன, அதனால்தான் மீன் குறைந்தது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. படகுக்காரன் என்பதால் நான் மறுப்பேன் என்று நினைப்பீர்கள். ஓரளவு உண்மைதான். ஒரு மீனை ஒரே கோடையில் பலமுறை பிடித்து விடுகிறோம்.

---

அவலாஞ்சி
ஜூலை 11, காலை 9.14

சுழல் நோய் மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம். ஒட்டுண்ணி ஒன்று ஆற்றுச் சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழுவில் பாதி வாழ்க்கையையும் மீனில் மீதியையும் கழிக்கிறது. மீன் குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்பதால் அவை வாலைத் துரத்துவதுபோல வட்டமடித்து நீந்தும். ரெயின்போ குஞ்சுகள் அதிகம் பாதிக்கப்படும். பிரவுன் ஐரோப்பாவில் அந்த ஒட்டுண்ணியோடு சேர்ந்தே வளர்ந்த மீன், பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். ஆகவே ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் வேடர்ஸ் (நீரில் இறங்க அணியும் உடுப்பு), பூட்ஸ், படகு எல்லாவற்றிலும் சேற்றைக் கழுவி, நீரை வடித்து, முழுக்கக் காயவைக்க வேண்டும். புதுத்தூண்டில், ஒன்டாரியோவிலிருந்து கொண்டுவந்த பூட்ஸையும் சேர்த்துத்தான்.

---

கரையோரம்
ஜூலை 11, இரவு 7.45

ஒரு பழைய கதை. பிரவுன் டிரவுட் இந்த ஆற்றுக்கு வந்தது திட்டமிட்டு அல்ல. 1925இல் பொரிப்பக வண்டி ஒன்று குஞ்சுகளோடு போய்க்கொண்டிருந்தபோது பேன்ஃப் அருகே பழுதாகி நின்றுவிட்டது. குஞ்சுகள் சாவதைப் பார்க்க மனமில்லாமல் பக்கத்திலிருந்த கேரட் கிரீக்கில் கொட்டிவிட்டார்கள். அந்த ஓடை போ ஆற்றில் சேர்கிறது. ரெயின்போவும் வெளியிலிருந்து வந்ததுதான். இந்த ஆற்றின் சொந்தக் குடிகள் புல் டிரவுட், கட்த்ரோட் டிரவுட், வொயிட்ஃபிஷ் ஆகியவை. வந்தேறிகளைப் பாதுகாக்க நாம் இவ்வளவு பேசுகிறோம். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச யாருமில்லை என்று ஒரு வருத்தம் எனக்கு உண்டு.

அதனால் தம்பி, முதுகுத் துடுப்பைப் பாருங்கள். அதில் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை என்றால் அது புல் டிரவுட். ஆல்பர்ட்டாவின் மாகாண மீன். மாகாணத்தில் எங்கே பிடித்தாலும் உடனே விட்டுவிட வேண்டும். படத்துக்குக்கூட நீரைவிட்டுத் தூக்காமல் இருந்தால் நல்லது.

---

மட்டுறுத்துநர்
ஜூலை 11, இரவு 8.30

வந்தேறி, சொந்தக்காரன் என்ற பேச்சு மீன்களோடு நிற்கட்டும். அரசியல் பக்கம் திரும்பிய இரு பதில்களை நீக்கியிருக்கிறேன்.

---

புதுத்தூண்டில்
ஜூலை 19, இரவு 10.20

ஒரு வாரம் கழித்து வருகிறேன். கரையிலிருந்து நான்கைந்து மீட்டரில், விழுந்து கிடந்த பாப்லர் மரத்தின் கீழ்ப்புறம், ஒரு ரெயின்போ கிடைத்தது. நிம்ஃபில்தான். படகு ஒன்று அந்த நேரம் நடு ஆற்றில் போனது. அவர்களும் அதே மரத்தைப் பார்த்துத்தான் வீசினார்கள்.

இப்போது வேறு கவலை. பகலில் 32 டிகிரி வெயில். ஆறு சூடாகிறது, போக வேண்டாம் என்று கடையில் சொல்கிறார்கள். அதிகாலையில் போனால் போதுமா?

---

கரையோரம்
ஜூலை 19, இரவு 10.58

வாழ்த்துகள். ஒரு வெப்பமானி வாங்குங்கள், ஃப்ளை பெட்டியைவிட அது முதலில் வேண்டும். 10 முதல் 16 டிகிரி வரை மீனுக்குச் சுகம். 18ஐ நெருங்கும்போதே நான் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். 20ஐத் தாண்டிய பிறகு டிரவுட்டைப் பிடித்து விடுவது, பாரைமீன் ஐயா சொன்ன குற்றத்தைச் செய்வதுதான். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்குத் தேவையோ கூடுகிறது. போராடிக் களைத்த மீன் நீந்திப் போவதுபோல் தெரியும், கொஞ்ச நேரம் கழித்து வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள்.

அதிகாலையில் நீர் குளிர்ந்திருக்கும். போகலாம்.

---

நீரளவி
ஜூலை 20, காலை 7.15

இதில் ஒரு சிறு திருத்தம். வெப்பம் அதிகாலையில் மிகக் குறைவு என்பது சரி. ஆனால் செடி அடர்ந்த பகுதிகளில் ஆக்சிஜனும் அப்போதுதான் மிகக் குறைவு. பகலில் செடிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடும். இரவு முழுக்கச் சுவாசித்து அதையே எடுத்துக்கொள்ளும். விடிகிற நேரத்தில் இருப்பு அடிமட்டத்துக்குப் போய்விடும். இரவு நீர் நன்றாகக் குளிர்ந்தால் பிரச்சினை இல்லை. தொடர்ந்து பல நாள் வெப்ப அலை, இரவிலும் குளிரவில்லை என்றால், நகரத்துக்குக் கீழே செடி மண்டிய நீரில் விடிகாலை என்பது பாதுகாப்பான நேரம் அல்ல. சூரியன் எழுந்து ஓரிரு மணி நேரம் கழித்து, நீர் சூடாவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். அல்லது சலசலத்து ஓடும் பகுதிகளுக்குப் போகலாம். அங்கே நீர் காற்றோடு கலந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது.

---

கரையோரம்
ஜூலை 20, காலை 7.40

இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வெப்ப அலை நாட்களில் மீன்கள் கற்களின் மேல் ஓடும் மேலோட்டமான வெள்ளை நீரில் வந்து கூடி நிற்பது எதனால் என்று இப்போது விளங்குகிறது. அங்கே அவற்றைப் பிடிப்பது மிகச் சுலபம். ஆகவே பிடிக்காதீர்கள்.

---

துடுப்பு
ஜூலை 20, காலை 9.05

வெப்ப அலையில் என் படகு கொட்டகையில்தான். மேற்கே, மலையடிவாரத்து ஓடைகள் குளிர்ந்து கிடக்கும், அங்கே போங்கள். ஒவ்வொரு ஓடைக்கும் தனி விதி உண்டு. ஆண்டுதோறும் வரும் மாகாண விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். மீன்பிடி உரிமம் கையில் இருக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஆல்பர்ட்டாவாசிகளுக்கும் மட்டும் அது தேவையில்லை.

---

பாரைமீன்
ஜூலை 20, இரவு 8.25

65 என்றதும் எழுந்து உட்கார்ந்தேன். உரிமம் இல்லாமல், சட்டப்படி, தின்னக்கூடிய டிரவுட்டை நான் எங்கே பிடிக்கலாம்? நேராகச் சொல்லுங்கள்.

---

அவலாஞ்சி
ஜூலை 20, இரவு 8.50

மாகாண அரசு வளர்ப்பு ரெயின்போக்களை விடும் குளங்கள் கால்கரியைச் சுற்றி நிறைய இருக்கின்றன ஐயா. விட்டவை பிடித்துத் தின்பதற்காகவேதான். எந்தக் குளத்தில் எத்தனை விட்டார்கள் என்று மாகாணம் பட்டியல் வெளியிடுகிறது. ஒவ்வொரு குளத்துக்கும் எத்தனை மீன் எடுக்கலாம் என்பது விதிப்புத்தகத்தில் இருக்கும். இயற்கை இரை அனுமதி உள்ள குளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஃப்ளை வேண்டியிருக்காது.

---

பாரைமீன்
ஜூலை 20, இரவு 9.02

எலும்பு அதிகமா?

---

அவலாஞ்சி
ஜூலை 20, இரவு 9.10

நடு முள்ளோடு சேர்த்து இழுத்தால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும். ஊட்டியில் நாங்கள் மிளகும் மஞ்சளும் தடவிப் பொரிப்போம். புளிக்குழம்புக்குச் சதை கொஞ்சம் மென்மை, உடைந்துபோகும், கடைசியில் போட்டு ஒரே கொதியில் இறக்கிவிடுங்கள்.

---

புதுத்தூண்டில்
ஜூலை 20, இரவு 9.41

பாரைமீன் ஐயா, ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டியில் உங்களை நான் அழைத்துப் போகிறேன். வெயில் தணியும்வரை எனக்கும் ஆற்றில் வேலை இல்லை. எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

---

பாரைமீன்
ஜூலை 20, இரவு 9.55

அனுப்பிவிட்டேன். மண்புழு நான் கொண்டுவருகிறேன்.